உள்ளங்கால் பார்க்க ஒருத்தி

"யாரைக் கேட்டு என் வாயில வச்சீங்க?"

கண் தெளிந்ததும் ஸ்வீட்லின் கேட்ட முதல் கேள்வி இதுதான். உயிரைக் காப்பாற்றியவனிடம் ஒரு நன்றி சொல்ல வேண்டாமா? சொல்லவில்லை. நாக்கெல்லாம் பால்கோவா... இரண்டு வருஷமாக ஒரு சொட்டுப் பால்கூடத் தொடாத நாக்கு!

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற பஸ். வெளியே ஐப்பசி மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. ஷட்டரையெல்லாம் இறக்கிவிட்டதில் பட்டப்பகலிலேயே உள்ளே இருட்டு, ஈரத்துணி வாடை. கம்பியைப் பிடித்து நின்றிருந்தவளுக்குத் திடீரென்று கை நடுங்கியது. அந்தக் குளிரிலும் நெற்றி வேர்த்தது. கால் மடங்கியபோது பக்கத்தில் நின்றவன்தான் தாங்கிப் பிடித்து, சீட்டில் இருந்த ஒருவரை எழுப்பி உட்காரவைத்தான். காலடியில் இருந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, ஒரு விள்ளல் எடுத்து அவள் வாயில் வைத்தான்.

"கேட்டேங்க. நீங்கதான் பதில் சொல்லல" என்றான் அவன்.

"மயங்கிக் கிடக்கிற ஆளு வாயில எதையும் திணிக்கக்கூடாது தெரியுமா? புரையேறிச் செத்துருவாங்க."

"முழுசா மயங்கலையே... மொதல்ல துளியூண்டு வச்சுப் பார்த்தேன். சப்புனீங்க. பொறவுதான் மிச்சத்தை வச்சேன்."

முன் சீட்டில் யாரோ சிரித்தார்கள். ஸ்வீட்லினுக்கு மானமே போயிற்று. நிமிர்ந்து முறைத்தாள்.

ஐயோ... அந்தக் கண்கள்! அடுப்புப் புகையில் சிவந்துபோன கண்கள். ஆனால் அவற்றில் கேலி இல்லை. அவள் பிழைத்துக்கொண்டாளா என்று மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தன.

"நான் பால் சாப்பிட மாட்டேன். நெய், முட்டை, கறி எதுவும் கிடையாது" என்றாள், கொஞ்சம் குரல் இறங்கி.

"எங்கம்மாவுக்கு இப்படித்தான் வரும். அந்தப் பழக்கத்துல வச்சுட்டேன். உங்களுக்கும் சுகரா?"

பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"சுகரும் இல்ல, ஒண்ணும் இல்ல! காலையில சாப்பிடல. அம்புட்டுதான்."

பொய். கைப்பையின் உள்ஜிப்பில் மாத்திரை அட்டை இருந்தது. காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் படுத்த படுக்கையாகக் கிடந்த ஒருவருக்கு வீட்டிலேயே ரத்தம் எடுக்கப் போனவள். நேரமாகிவிட்டது. மதியச் சாப்பாடு தள்ளிப்போனது. ராஜபாளையத்தில் நாலு வருஷமாக லேப் டெக்னீஷியன்... எந்தக் கைநடுக்கம் எதனால் வருகிறது என்று ஊருக்கே சொல்கிறவள், தன் விஷயத்தில் கோட்டை விட்டிருந்தாள்.

"பேரு என்னங்க?"

"எதுக்கு?"

"நாளைக்கு யாராவது கேட்டா சொல்லணும்ல, இன்னாரைக் காப்பாத்துனேன்னு."

"...ஸ்வீட்லின்."

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு மேலே பார்த்தான்.

"சிரிக்காதீங்க! உங்க பேரு என்ன பெரிசா?"

"தேவஇரக்கம். தாத்தா பேரு. கடையில இரக்கம்னு கூப்பிடுவாங்க."

இப்போது அவள் உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடையில் பால்கோவா மாஸ்டராம். ராஜபாளையத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு ஆர்டர் கொண்டுபோகிறானாம். "பெட்டியைப் பிரிச்சுட்டீங்களே, கல்யாண வீட்டுல என்ன சொல்லுவீங்க?" என்று கேட்கத்தான் அவள் வாயெடுத்தாள்.

கேட்கவில்லை. பஸ் தரையில் ஓடிய மழைத்தண்ணீர் சிவப்பாக இருந்தது.

சிவப்பைத் தொடர்ந்து போன கண், அவன் வலது காலில் போய் நின்றது. ரப்பர் செருப்பின் ஓரமெல்லாம் ரத்தம்.

"கால்ல... என்னங்க அது?"

"எது?"

அவ்வளவுதான். அந்த ஒற்றை வார்த்தை போதும் ஸ்வீட்லினுக்கு. செருப்பைக் கழற்றச் சொன்னாள். அடியிலிருந்து ஒரு ஆணி ஏறி, செருப்பைத் துளைத்து, உள்ளங்காலுக்குள் போயிருந்தது. அவன் அதன்மேல்தான் இவ்வளவு நேரமும் நின்றுகொண்டிருந்தான். அவளைத் தாங்கிப் பிடித்ததும் அந்தக் காலை ஊன்றித்தான்.

"வலிக்கலையா?"

"இல்லியே..." என்றான், அவனே ஆச்சரியப்பட்டு. "அடுப்பங்கரையில நிக்கிற காலுங்க. கங்கு விழுந்தாக்கூடத் தெரியாது. மரத்துப்போச்சு."

அவள் அப்பாவும் இப்படித்தான் சொன்னார். தேய்ந்த போலீஸ் பூட்ஸ் போட்ட கால், மரத்துப்போச்சு என்று. ஆறு வருஷத்துக்கு முன்னால் முதலில் கட்டைவிரல் போனது. பிறகு பாதம், பிறகு முழங்கால். கடைசியில் அவரே போய்விட்டார். ஒவ்வொரு நாளும் அந்தப் புண்ணைக் கழுவியவள் ஸ்வீட்லின். அந்த வாடை இன்னும் அவள் கையை விட்டுப் போகவில்லை.

ராஜபாளையத்தில் இறங்கியதும் கைக்குட்டையால் அந்தக் காலைக் கட்டினாள். சுற்றி நின்று வேடிக்கை பார்த்தவர்களைச் சட்டைசெய்யவில்லை.

"இப்பவே ஒரு டிடி ஊசி போடுங்க. நாளைக்குக் காலையில வெறும் வயித்துல எங்க லேபுக்கு வாங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்து."

"வரலைன்னா?"

"உங்க கடைக்கே வந்து ரத்தம் எடுப்பேன்."

அவன் வந்தான்.

வெறும் வயிற்றில் சர்க்கரை இருநூற்று எண்பத்தாறு. ஆறுக்குள் இருக்கவேண்டிய மூன்று மாதச் சராசரி பதினொன்று புள்ளி நாலு. முப்பத்துமூன்று வயசு. தாளை மடித்து நீட்டி, மாடியைக் காட்டினாள்.

மாடியில் இருந்த டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நேராகச் சொன்னார். "நரம்பு செத்திருக்கு. புண்ணு ஆறணும்னா சர்க்கரை இறங்கணும். இறங்கலைன்னா கால் நமக்குச் சொந்தமில்ல." மாத்திரை எழுதினார். பால், நெய், முட்டை, கறி நான்கையும் நிறுத்தச் சொன்னார். கீரை, பயறு, காய், சிறுதானியம். எண்ணெய் பேருக்கு. "சாப்பாட்டை மாத்தினா சர்க்கரை இறங்கும். இறங்க இறங்க மாத்திரையை நான் குறைப்பேன். நீயா நிறுத்தின... பொறவு இங்க வராத."

தேவஇரக்கம் கீழே இறங்கி வந்து அவள் மேஜை முன்னால் நின்றான்.

"பால் அடுப்புல நிக்கிறவனைப் பாலைத் தொடாதங்கிறாரு. நான் என்னத்தைத் திங்க?"

ஸ்வீட்லின் தன் டிபன் பாக்ஸை அவன் பக்கம் தள்ளினாள். குதிரைவாலிச் சோறு. தட்டப்பயறுக் குழம்பு. முருங்கைக்கீரை.

ஒரு வாய் வைத்தான். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"இதையா ரெண்டு வருஷமா..."

"பழகிரும்."

"எதுக்குங்க இப்படி? உங்களுக்குத்தான் சுகர் இல்லையே?"

அவள் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். "அப்பாவுக்கு இருந்துச்சு. அதான் முன்ஜாக்கிரதை" என்றாள். இரண்டாவது பொய்.

சொல்லக்கூடாது என்பது அம்மா ஞானரத்தினத்தின் கட்டளை. இருபத்தாறு வயசில் மகளுக்குச் சர்க்கரை என்று தெரிந்த அன்றே அம்மா பைபிளின்மேல் கையை வைக்கச் சொன்னாள். "ஏட்டி, வெளியில ஒரு வார்த்தை போச்சு... உன்னைய ஒருத்தனும் கட்ட மாட்டான்." போன வருஷம் கோயில் அசன விருந்தில் ஊரே இலைபோட்டு உட்கார்ந்திருந்தது. கறிச்சோறு வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள் அல்லவா? "தின்னு. சிரிச்சுக்கிட்டே தின்னு" என்று அம்மா தொடையைக் கிள்ளினாள். தின்றாள். வீட்டுக்கு வந்து விரலில் குத்திப் பார்த்தபோது முந்நூற்றுப் பத்து. அம்மாவும் பார்த்தாள். பார்த்துவிட்டு, "யாருக்கும் தெரியலைல்ல?" என்றுதான் கேட்டாள்.

சனிக்கிழமை தோறும் அவன் வந்தான். முதலில் ரத்தம், பிறகு மாடியில் புண்ணுக்குக் கட்டு, பிறகு அவள் மேஜை முன்னால் ஒரு ஐந்து நிமிஷம். ஐந்து நிமிஷம் என்பது அவன் கணக்கு. லேபில் வரிசையில் நின்றவர்களைக் கேட்டால் வேறு சொல்லுவார்கள்.

"நேத்து கொள்ளு வேகவச்சேங்க. மூணு மணி நேரம் ஆச்சு. கல்லு மாதிரியே கெடந்துச்சு."

"முந்தின நாளே ஊற வைக்கணும்!"

"அதை நீங்க சொல்லல."

"அதெல்லாமா சொல்லுவாங்க? உங்க வீட்ல சொல்ல ஆளு இல்லையா?"

"இல்ல" என்றான். "அம்மா போயி ரெண்டு வருஷம். கடைசியில கண்ணும் போச்சு. வாசல்ல நான் நின்னா, யாருன்னு கேட்கும்..."

ஸ்வீட்லின் பேச்சை மாற்ற ஊசியை எடுத்தாள். "அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க. ஊசியைப் பார்த்தா பயமா இருக்கும்."

"ஊசியை யாரு பாக்குறா?"

அவள் நிமிர்ந்தாள். அவன் அவள் கண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நாலு வருஷமாக ஆயிரக்கணக்கான கைகளில் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தவளுக்கு, அன்றைக்கு இரண்டு தடவை குத்த வேண்டியிருந்தது. ச்சே... என்ன இது, காலேஜ் பிள்ளை மாதிரி!

வெறும் வயிற்று எண்கள் இறங்கின. இருநூற்றுப் பத்து. நூற்று அறுபது. டிசம்பர் கடைசியில் நூற்று முப்பத்திரண்டு. ஆனால் புண் மட்டும் ஆறவில்லை. ஓரம் வெளுத்து, நடுவில் ஈரமாகவே இருந்தது. டாக்டர் நெற்றியைச் சுருக்கினார்.

பொங்கலுக்கு அடுத்த வாரம், மூன்று மாதச் சராசரி மறுபடி எடுத்தாள். ஏழரைக்குள் வரும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். மெஷின் தாளைத் துப்பியது. பத்து புள்ளி எட்டு.

தப்பாக இருக்கும் என்று மறுபடி போட்டாள். பத்து புள்ளி எட்டு!

அவளுக்கு எல்லாம் புரிந்தது. புரிந்தது என்று நினைத்தாள். இந்த மாதிரி ஆட்களை அவள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள்! டெஸ்டுக்கு முந்தின நாள் மட்டும் பத்தியம். மற்ற ஆறு நாளும் வாய்க்கு ருசியாக... வெறும் வயிற்று எண் நல்ல பிள்ளையாக இருக்கும். மூன்று மாதக் கணக்குதான் காட்டிக்கொடுக்கும். அப்பாவும் அதைத்தான் செய்தார்.

"என்ன சாப்பிட்டீங்க?" என்றாள், தாளை மேஜையில் போட்டு.

"நீங்க சொன்னதுதான்."

"பால்?"

"ஒரு டம்ளர் தொடல."

"ஸ்வீட்டு?"

"சத்தியமா சாப்பிடல ஸ்வீட்லின்."

"பொய் சொல்லாதீங்க!" லேபே திரும்பிப் பார்த்தது. அவளுக்குக் கண் முட்டியது. "சனிக்கிழமைக்கு மட்டும் பத்தியம் இருந்துட்டு வந்து என்கிட்ட நல்லவன் மாதிரி உக்காருதீங்க. வாயைக் கட்டத் தெரியாத ஆளுக்கு எதுக்கு இத்தனை வேசம்? ரத்தம் பொய் சொல்லாது. மனுசங்கதான் சொல்லுவாங்க."

அவன் முகம் கறுத்தது. மெதுவாகச் சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

"மூணு மாசமா மனுசன் திங்காததைத் தின்னுருக்கேன். கிறிஸ்மஸ் அன்னைக்கு எல்லாரும் பிரியாணி திங்க, நான் சுண்டல் தின்னேன். நீங்க சொன்னீங்கங்கிற ஒரே காரணத்துக்கு." எழுந்தான். "நம்பலைன்னா பரவால்ல. வாரேன்."

வாரேன் என்றுதான் சொன்னான். வரவில்லை.

ஒரு சனி போனது. இரண்டு... மூன்று... கட்டுப் போடவும் வரவில்லை என்று மாடியில் சொன்னார்கள். போன் அடித்தால் எடுக்கவில்லை. 'நமக்கென்ன, ஒரு பொய்க்காரனுக்காக...' என்று பகலெல்லாம் சொல்லிக்கொண்டாள். ஆனால் எந்தச் செருப்புச் சத்தம் கேட்டாலும் தலை நிமிர்ந்தது. எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் கண் முதலில் தரையைப் பார்த்தது.

நாலாவது சனிக்கிழமை, ரத்தம் எடுக்கிற பையைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினாள்.

கடை முதலாளி சௌந்தரபாண்டியன் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "யாரும்மா? என்ன வேணும்?"

"மாஸ்டருக்கு ரத்தம் எடுக்கணும்."

அவர் திகைத்துப்போய்ப் பின்பக்கம் கையைக் காட்டினார்.

வரிசையாக அடுப்புகள். புளியவிறகு எரிகிற காந்தல். பெரிய இரும்புச் சட்டிகளில் பால் கொதித்துக்கொண்டிருந்தது. அவன் முதுகைக் காட்டி நின்று நீளத் துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்தான். வலது காலில் துணி சுற்றியிருந்தது. நொண்டினான். அவள் கூப்பிட வாயெடுத்தாள்.

அதற்குள் அவன் துடுப்பைத் தூக்கி, நுனியில் ஒட்டியதை விரலால் வழித்து வாயில் போட்டான். கண்ணை மூடி ஒரு நொடி நின்றான். பக்கத்துச் சட்டிக்குப் போனான். கிண்டினான். வழித்தான். வாயில் போட்டான். மூன்றாவது சட்டி... வழித்தான்...

ஸ்வீட்லின் பையைக் கீழே வைத்துவிட்டு அடுப்பருகே போனாள்.

"என்ன செய்யுறீங்க?"

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். அவளைக் கண்டதும் அந்தச் சிவந்த கண்களில் ஒரு வெளிச்சம் வந்தது. அடுத்த நொடி கோபம் நினைவுக்கு வந்து அதை அணைத்துவிட்டது. "பதம் பாக்கேன்" என்றான்.

"ஒரு சட்டிக்கு எத்தனை தடவை?"

"நாலு. சீனி போட்டதும் ஒண்ணு, இறுகும்போது ரெண்டு, இறக்கும்போது ஒண்ணு."

"ஒரு நாளைக்கு எத்தனை சட்டி?"

"பன்னெண்டு. தீபாவளி, பொங்கல்னா இருவது."

"ஒரு தடவைக்கு எம்புட்டு?"

"சுண்டைக்காய் அளவு இருக்கும்."

"நெல்லிக்காய் அளவு! நான் பார்த்தேன். நாப்பத்தெட்டு நெல்லிக்காய்... ஒரு நாளைக்குக் கால் கிலோ பால்கோவா! ராத்திரி மாத்திரையில இறங்கிருது, பகல் பூரா ஏறிக்கிட்டே இருந்திருக்கு!" அவள் குரல் உடைந்தது. "மூணு மாசமா என்கிட்ட ஏன் சொல்லல?"

அவன் உண்மையாகவே முழித்தான்.

"நீங்க என்ன சாப்பிட்டீங்கன்னுதான கேட்டீங்க? இது... சாப்பாடு இல்லியே. வேலைல்ல."

பதினாலு வயசிலிருந்து அடுப்பில் நிற்கிறவன். துடுப்பு பிடிக்கிற கை, பதம் பார்க்கிற நாக்கு. இரண்டும் அவனுக்குக் கருவிதான். கருவி எங்கேயாவது சாப்பிடுமா? அந்தக் கடையில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். சௌந்தரபாண்டியனே பின்னால் வந்து நின்று, "பதம் பாக்குறதெல்லாமா கணக்கு? நாக்கு வைக்காதவன் மாஸ்டரா?" என்றார்.

ஸ்வீட்லின் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இந்த ஆள் பொய் சொல்லவே இல்லை. சுண்டல்தான் தின்றிருக்கிறான். ஊரே பிரியாணி தின்ற அன்றைக்கும் அவள் சொன்னதைத்தான் கேட்டிருக்கிறான். லேபில் அத்தனை பேர் முன்னால் அவள்தான்...

"நீங்க பொய் சொல்லல" என்றாள்.

"ரத்தமும் சொல்லல போல" என்றான் அவன், மெதுவாக.

அப்போதுதான் அந்த வாடை அவளுக்கு எட்டியது. விறகுப் புகையையும் பால் மணத்தையும் தாண்டி வந்த வாடை. அவளுக்கு நன்றாகத் தெரிந்த வாடை. அவன் காலைப் பிடித்துத் துணியை அவிழ்த்தாள். சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் கறுத்திருந்தன.

"வலியெல்லாம் இல்லங்க..."

"வலிச்சாத்தான் நல்லாருந்திருக்குமே!" என்று கத்தினாள். கத்திவிட்டு அந்தக் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். பால் ஒரு சட்டியில் அடிபிடித்தது. யாரும் போய் இறக்கவில்லை.

மதுரையில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். பாதம் தப்பியது. "இன்னும் ஒரு வாரம் போயிருந்தா முழங்காலுக்குக் கீழ..." என்று மதுரை டாக்டர் கையால் காட்டினார். இன்சுலின் ஆரம்பித்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"இனி வராதீங்க ஸ்வீட்லின். நொண்டிப் பயல். நாக்கு வைக்கவும் கூடாதுன்னுட்டாங்க, மாஸ்டர் வேலையும் போச்சு. உங்களுக்கு வத்திராயிருப்புல மாப்பிள்ளை பாக்குறாங்கன்னு என்னையப் பாக்க வந்த லேபுக்காரங்க சொன்னாங்க. மிலிட்டரியாம்ல... நல்லா இருங்க."

அவள் எவ்வளவு கெஞ்சியும் திரும்பவில்லை. கடைசியில் டிபன் பாக்ஸை வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

மாசிக் கடைசியில் வத்திராயிருப்புக்காரர்கள் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி வாங்கி வந்த பால்கோவாவைப் பிரித்து, ஒரு விள்ளல் எடுத்து ஸ்வீட்லின் வாயருகே கொண்டுவந்தாள். "வாயைத் தெற தாயீ. மருமகளுக்கு மொத இனிப்பு."

பக்கத்தில் நின்ற ஞானரத்தினம் மகளின் இடுப்பைக் கிள்ளினாள். தின்னு. சிரித்துக்கொண்டே தின்னு...

ஸ்வீட்லின் அந்த விள்ளலைப் பார்த்தாள். எந்த அடுப்பில் கிண்டியதோ, எவன் பதம் பார்த்ததோ...

"எனக்குச் சுகர் இருக்கு" என்றாள். "ரெண்டு வருஷமா மாத்திரை போடுதேன். பால் சாப்பிட மாட்டேன். இதை முன்னாடியே சொல்லியிருக்கணும். மன்னிச்சுக்கோங்க."

மாப்பிள்ளையின் அம்மா விள்ளலைப் பெட்டியிலேயே திரும்ப வைத்தாள். பதினைந்து நிமிஷத்தில் கார் கிளம்பிப் போய்விட்டது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "என் வயித்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே ஏட்டி! இனி எவன் வருவான்?"

"யாரும் வரவேண்டாம்மா. நான் போறேன்" என்றாள் ஸ்வீட்லின். அம்மாவுக்குப் புரியவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் கடைசி வரைக்கும் அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. மிலிட்டரி மாப்பிள்ளையிடம் சொல்லியாயிற்று. அது லேசு. இவனிடம் எப்படிச் சொல்வது? 'பொய் சொல்லாதீங்க' என்று ஊர் கேட்கக் கத்தியவள், முதல் நாளிலிருந்தே அவனிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பதை?

கடைக்குப் பின்னால் இருந்தது அவனுடைய ஒற்றை அறை. கதவு திறந்திருந்தது. அவன் ஸ்டூலில் உட்கார்ந்து, தரையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, அதன்மேல் காலைத் தூக்கிப் பிடித்திருந்தான். உள்ளங்கால் தெரியவேண்டும் என்று குனிந்து, வளைந்து... முடியாமல் மூச்சு வாங்கினான்.

"என்ன செய்யுறீங்க?"

அவன் காலைச் சட்டென்று இறக்கிக்கொண்டான். "வரவேண்டாம்னு சொன்னேன்ல?"

"என்ன செய்யுறீங்கன்னு கேட்டேன்."

"தெனமும் உள்ளங்காலைப் பாக்கணுமாம். கல்லு குத்தியிருக்கா, செவந்திருக்கான்னு. எனக்குத்தான் தெரியாதே. வீட்ல யாரையாவது பாக்கச் சொல்லுங்கன்னாரு டாக்டரு. யாரு இருக்கா? கண்ணாடிதான்."

"வேலை?"

"போறேன். மொதலாளி விடல." முதல்முறையாக அவன் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம். "நாக்கு வைக்காம, சத்தத்தை வச்சே பதம் பிடிச்சுட்டேங்க. இறுகும்போது கொதிக்கிற சத்தம் அடங்கும். துடுப்பு கனக்கும். ரெண்டு சட்டி கெட்டுப்போச்சு. மூணாவது சரியா வந்துச்சு. பத்தொம்பது வருசம் தெரியாமத்தான் நக்கிக்கிட்டு இருந்திருக்கேன்..."

அவள் சிரிக்கவில்லை. உள்ளே வந்து தரையில், அவனுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். பஸ்ல நான் மயங்குனது காலையில சாப்பிடாததால இல்ல. எனக்கும் சுகர். ரெண்டு வருஷமா. குதிரைவாலி, கொள்ளு எல்லாம் முன்ஜாக்கிரதைக்கு இல்ல... வியாதிக்கு. உங்களை எல்லார் முன்னாடியும் பொய்க்காரன்னு சொன்னேன். பொய்க்காரி நான்தான்."

அவன் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே அடுப்பில் விறகு வெடித்தது.

"மூணு மாசம்..." என்றான், குரல் கரகரத்து. "மூணு மாசம் என்னைய மட்டும் நோயாளியா எதிர்ல உக்காரவச்சு, நீங்க டாக்டரம்மா மாதிரி..."

"ஆமா."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்தக் கொள்ளுக்கூட எனக்கு ருசிச்சிருக்குமே ஸ்வீட்லின்..."

போகச் சொல்லப் போகிறான் என்று நினைத்தாள். எழுந்திருக்கக் கையை ஊன்றினாள்.

"கண்ணு பார்த்தீங்களா?" என்றான் திடீரென்று.

"என்ன?"

"வருசா வருசம் கண்ணுக்குள்ள மருந்து ஊத்திப் பாப்பாங்கல்ல, சுகர்க்காரங்களுக்கு? பார்த்தீங்களா?"

"இல்ல. கண்ணாஸ்பத்திரியில தெரிஞ்சவங்க யாராவது பார்த்துருவாங்கன்னு... அம்மா விடல."

"ரெண்டு வருசமாவா?" ஸ்டூலிலிருந்து அவன் எழுந்தேவிட்டான். தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். அவ்வளவு கோபத்தை அவள் அவனிடம் பார்த்ததில்லை. "எங்கம்மா கடைசியில வாசல்ல நின்ன என்னைய யாருன்னு கேட்டாங்கன்னு சொன்னேன்ல? நாளைக்குப் போறோம். மொத பஸ்ஸு."

"போறோமா?"

"பின்னே! அந்தக் கண்ணைப் பாக்குறதுக்காக ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊசி குத்திக்க வந்திருக்கேன். அதைக் கெட்டுப்போக விட்டுருவேனா?"

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டான். சுவரைப் பார்த்தபடியே பேசினான்.

"ஆனா எனக்கு எட்டு வெரலுதான் இருக்கு. நாளைக்கு எட்டும் இருக்குமான்னு தெரியாது. அதையும் யோசிச்சுக்கோங்க."

"எண்ணிட்டுத்தான் வந்திருக்கேன்" என்றாள் ஸ்வீட்லின். அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. "எனக்கும் நாளைக்கு என்ன ஆகும்னு தெரியாது. ரெண்டு பேரும் சேர்ந்து குதிரைவாலி திங்கலாம்... எனக்கு நீங்க வேணும்."

அவன் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தான். அவள் அந்தக் கண்ணாடியை எடுத்துச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். அவன் வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். தையல் போட்ட இடம், குதிகால், விரலிடுக்கு... ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். அவனுக்கு அவள் விரல் தெரியவில்லை. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் அவன் கண்கள் நிறைந்து, கன்னத்தில் வழிந்தன.

"என்ன இருக்கு?" என்று கேட்டான்.

"இன்னைக்கு ஒண்ணும் இல்ல."

"நாளைக்கு?"

"நாளைக்கும் நான்தான் பார்க்கணும்" என்று சொல்லி, இடது காலையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.